ஏரிக்கரையில் நின்ற நீச்சல்குளப் பேருந்து

அன்று விடியலில் டிபன் டப்பாவின் ரப்பர் வளையம் அறுந்துபோனது. மூடி தளர்ச்சி, எதையாவது சுற்றாமல் நிற்காது. அவள் தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து நாலு சுற்றுச் சுற்றினாள்.

"முடிச்சுப் போட்டுடாத. சுருக்குப் போடு. என் தடி விரலுக்கு அவிழ்க்க வராது," என்றார் கணவர்.

உள்ளே ரொட்டி, இரண்டு முட்டை, ஒரு வாழைப்பழம். மூடிக்கடியில் காகிதத்தில் மடித்த இருதய மாத்திரை. சாப்பிட்ட கையோடு மாத்திரை; சாப்பிடாமல் தொடமாட்டார். அவள் நினைவூட்டியதற்குச் சரியென்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

உலக விளையாட்டுப் போட்டிகள் நடந்த அந்தப் பதினாறு நாளும் நகரம் வேறெங்கோ மிதந்துகொண்டிருந்தது. பல நாட்டு வீரர்களின் பேருந்துகளுக்கென்று சாலைகளில் நீலக் கோடு. எந்த அரங்கத்திலோ எழும் ஆரவாரம் கடலோசைபோல வந்து மொட்டைமாடிகளைத் தடவிப்போகும். வீரர்கள் விடுதிக்கும் நீச்சல்குளத்துக்கும் இடையே ஓடிய பேருந்துக்கு அவர் ஓட்டுநர். ஆனால் எட்டு மணிக்கு அவரைக் கண்டது நகரத்தின் மறுகோடியில், படகுப் போட்டி நடக்கும் ஏரிக்கரையில். பனிமூட்டத்துக்குள் பேருந்து. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கை. மாரடைப்பு.

ஐந்தாம் நாள், தொலைந்த பொருள் அலுவலகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அலமாரிகளில் குடைகள், ஒற்றைக் காலணிகள், கொடிகள். பொறுப்பாளர் அம்மாள் முப்பது வருடம் ரயில் நிலையத்தில் இதே வேலை பார்த்தவர்; பொருளைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார் என்று பெயர். உதவிக்கு இருந்த மொழிபெயர்ப்பாளரை எல்லோரும் அவசரம் என்றே அழைத்தார்கள்.

"டப்பா எங்களுதுதான் மேடம். இது எங்களுது இல்ல," என்றாள் அவள். டப்பாவைச் சுற்றி ஒரு பச்சை வெல்வெட் வளையம். பெண்கள் கூந்தலுக்குப் போடுவது. "வேலைய விட்டுட்டுப் போனார்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க. தெருவுல ஆளுக்கொரு கதை கட்டுறாங்க. இது யாரோடதுன்னு எனக்குத் தெரியணும்."

"பொண்ணுதான், சந்தேகமே இல்ல. அப்போ—" என்று தொடங்கினார் அவசரம்.

"உனக்குச் சும்மாவா அந்தப் பேரு வெச்சாங்க?" என்றபடி அம்மாள் டப்பாவைத் திறந்தார். ரொட்டித் துணுக்குகள் மட்டும் மிச்சம். மாத்திரை, காகிதத்தில் மடித்தபடியே இருந்தது.

"சாப்பிட்டுட்டு மாத்திரைய மறந்துருப்பாரா?"

"இருபது வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல."

"அப்போ சாப்பிட்டது அவர் இல்லம்மா. காலைல இத எதால கட்டினீங்க?"

"வெள்ளை நூல்."

அம்மாள் பட்டியலைப் புரட்டினார். பேருந்திலிருந்து எடுத்த பொருள்களில் நூல் இல்லை. சன்னலுக்கு வெளியே போகும் பேருந்துகளின் பலகைகளைப் பார்த்தவர், விசாரிக்க வேண்டியதை ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி அவசரத்திடம் நீட்டினார். "ஓடு. உனக்குப் பிடிச்ச வேலைதான்."

மறுநாள் காலை அதே அறையில் போக்குவரத்து அதிகாரியும் வந்து உட்கார்ந்தார், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"ஆறரைக்கு விடுதி வாசல்ல அவர் பஸ்ஸுல ஏறினது ஒரு ஆள். நீச்சல்குளத்துல யாரும் இறங்கல," என்றார் அம்மாள்.

"எண்ணினவன் தப்பா எழுதியிருப்பான்."

"நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா பஸ் பலகையப் பாருங்க. நீச்சலுக்கும் நீல அலை, படகுக்கும் நீல அலை. நம்ம எழுத்து தெரியாத ஒருத்தி அலைய மட்டும் பாத்து ஏறிட்டா. பாதி வழியிலதான் தெரிஞ்சிருக்கு. படகுல எடை குறைஞ்சவங்க பிரிவுக்கு முதல்ல எடை பாக்கணும். ஏழு இருபதோட சரி. தவறினா போட்டி கிடையாது. ஏரிக்கரை எடை நோட்டுல கடைசிக் கையெழுத்து ஏழு பத்தொன்பது."

"கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லியிருக்கலாமே."

"இறக்கிவிடு, அடுத்த பஸ்ஸுல வரட்டும்னு சொல்லியிருப்பீங்க. அதான் அவர் கேக்கல. எடை போடுற வரைக்கும் அந்தப் பொண்ணு வெறும் வயிறு. நன்றி சொல்லத் திரும்பி வந்தவகிட்ட டப்பாவ நீட்டியிருக்கார்."

"இதெல்லாம் ஊகம்தானே?"

அம்மாள் மேசைமேல் ஒரு புகைப்படத்தை வைத்தார். அன்றைய போட்டி. பனி கலைகிற நீரில் படகுகள். ஒருத்தியின் சடை நுனியில் வெள்ளை நூல், நாலு சுற்று.

அவள் படத்தின் அருகே குனிந்தாள். "என் நூல்."

"மூடி தளர்ச்சின்னு பாத்து தன் வளையத்தப் போட்டுட்டு, நூல எடுத்துக்கிட்டா," என்றார் அம்மாள்.

"நேத்து விடுதியில அவளப் பாத்தேன். எல்லாம் அப்படியேதான் சொன்னா," என்றார் அவசரம். இந்த முறை மெதுவாக. "அவர் இறந்தது அவளுக்குத் தெரியாதுக்கா. பஸ்காரர் எப்படி இருக்கார்னு கேட்டா. எனக்கு ஏழு மொழி வரும். பதில் சொல்ல வரல."

அதிகாரி பேனாவை எடுத்து, கோப்பில் 'பணியைக் கைவிட்டார்' என்ற வரியை அடித்தார். அதற்கு மேல் எதை எழுதுவது என்று தெரியாமல் அம்மாளைப் பார்த்தார். "பயணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்னு எழுதுங்க," என்றார் அம்மாள்.

எல்லோரும் எழுந்தபின் அவள் கேட்டாள். "சாப்பாட்டக் குடுக்காம இருந்திருந்தா மாத்திரை போட்டிருப்பாரு. போட்டிருந்தா...?"

"அது எனக்குத் தெரியாதும்மா. தெரியாததச் சொல்லமாட்டேன்."

வெளியே நீலக் கோட்டில் பேருந்துகள் மீன்கள்போலச் சத்தமில்லாமல் நழுவின. அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீடு சேர்ந்தாள்.

கோடு அந்த மழைக்காலத்திலேயே அழிந்துவிட்டது. டப்பாவை இப்போது வேலைக்கு எடுத்துப்போகிறவள் அவள். பச்சை வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவாள். மூடி இன்னும் தளர்ச்சிதான்.