தொடாமல் விட்ட கொழுந்து

ராகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வினோதா தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஏறி வந்தபோது மணி மூன்று. அதற்குள் பனிமூட்டம் மலையை மூடிவிட்டிருந்தது. அம்மா காளியாயியின் கருமாதி முடிந்து இருபத்திரண்டு நாள். பூட்டிய ஒற்றையறைக் காம்பராவில் செடி ஒன்று காய்ந்து கிடக்கும், அதை எடுத்து வீச வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தாள்.

நுவரெலியா ஓட்டலொன்றில் வேலை செய்யும் வினோதா ஆசைப்பட்டு வாங்கிய செடி அது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம், இலையெங்கும் ஓட்டை. அவள் தங்கிய அறையில் வெளிச்சம் போதாதென்று அம்மாவிடம் விட்டிருந்தாள். "பூச்சி அரிச்சதப் போயி வாங்கிட்டு வந்திருக்கியே" என்று சிரித்த காளியாயி, பிறகு அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். வேலை விட்டு வந்ததும் அரிசி கழுவிய தண்ணீரில் துணியை நனைத்து, இலை இலையாகத் துடைப்பாள்.

ஆனால் முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை. சுருண்டு நின்ற புதுக் குருத்தைக் கண்டதும் கட்டைவிரல் சும்மா இருக்குமா?

"கிள்ளுனாத்தானே ரெண்டாத் தழைக்கும்" என்றாள் போனில், பெருமையாக.

"ஐயோ, அது தேயிலை இல்லம்மா! இனி குருத்தத் தொடவே தொடாதீங்க!" என்று கத்திவிட்டு வினோதா போனை வைத்தாள்.

மூன்றாம் நாள் மலையில் குளவி கொட்டி அம்மா போய்விட்டாள். இடையில் இருவரும் பேசவேயில்லை. அந்தக் கடைசிப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று வினோதாவின் நெஞ்சு நாளெல்லாம் அடித்துக்கொண்டது.

பூட்டைத் திறந்தாள்.

செடி சாகவில்லை. இலைகள் பளபளத்தன. மண் ஈரமாக இருந்தது.

"நிலக்ஷி, நீயா தண்ணி ஊத்துன?"

பக்கத்துக் காம்பராப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். "சாவி ஒங்ககிட்டதானேக்கா இருக்கு? நான் எப்பிடி உள்ள போவேன்?" குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வேல விடுற நேரத்துக்கு உள்ள துணி புழியிற சத்தம் கேக்குது." சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

வினோதா செடிச் சட்டியருகே குந்தினாள். ஏழு இலை. ஏழிலும் பொட்டுத் தூசி இல்லை. நடுவில் ஒரு புதுக் குருத்து சுருண்டு நின்றது. அதன்மேல் மட்டும் ஒட்டடை படிந்திருந்தது.

தொடவே தொடாதீங்க.

செத்த பிறகும் அம்மா அந்தச் சொல்லைக் கேட்டு நடக்கிறாள்.

நாலரைக்கு வேலை விடும் சங்கு ஊதியது. அடுப்படியில் தண்ணீர் சொட்டியது. யாரோ துணி பிழிந்தார்கள். புளித்த அரிசித் தண்ணீர் வாசம் காம்பரா முழுக்கப் பரவியது.

முதல் இலை தானாகக் குனிந்தது. நிமிர்ந்தது.

இரண்டாவது.

மூன்றாவது.

ஏழாவது இலையும் நிமிர்ந்ததும் எல்லாம் நின்றுபோனது. குருத்துக்கு எதிரே மெல்ல ஒரு மூச்சு கேட்டது. கேட்க நினைத்துக் கேட்காமல் நிற்பவள் விடும் மூச்சு.

வினோதாவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. ஆனாலும் சொன்னாள்.

"கிள்ளுங்கம்மா. அன்னைக்கு நான் பேசுனது தப்பு. இது ஒங்க செடிம்மா."

அசைவில்லை.

"எம்மேல கோவமா?"

டக்.

பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த சத்தம் அது. குருத்தைக் காணோம். தரையிலும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் கூடையில் கிடந்தது. காம்பில் தேயிலைக் கறை, கட்டைவிரல் அகலத்துக்கு.

கூடையைக் கட்டிக்கொண்டு வினோதா வாய்விட்டு அழுதாள்.

செடியை நுவரெலியாவுக்கே கொண்டுபோய், அறையின் ஒரே ஜன்னலோரம் வைத்தாள். இருபது நாளில், கிள்ளிய இடத்தில் அம்மா சொன்னபடியே இரண்டு குருத்து வெடித்தன.

அவள் அறையில் சமைப்பதில்லை. சாப்பாடு ஓட்டலில்தான். அன்று வேலை விட்டு வந்து கதவைத் திறந்தபோது அரிசி கழுவிய தண்ணீர் வாசம் வந்தது. இரண்டு குருத்தில் ஒன்றைக் காணோம்.

தோளில் மாட்டியிருந்த பை லேசாகக் கனத்தது.

திறந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"சரிம்மா" என்றாள்.