கரடி கீழே பார்க்கும் இடம்

அந்த வீடியோ பிளேயரில் பழுது எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை.

மூன்று முறை என் கடைக்கு வந்தது. பெல்ட்டை மாற்றினேன், நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தேன். கடையில், கூடவே வந்த கார்ட்டூன் கேசட் முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் ஓடியது. வீட்டுக்கு எடுத்துப் போனால் பதினோராவது நிமிடத்தில், ஒரே இடத்தில், நின்றுவிடுகிறது என்றார் கொண்டுவந்த பஸ் டிரைவர். நான்காவது முறை பிளேயரை வாங்கி வைக்காமல் நானே அவருடன் கிளம்பினேன். கடையில் வராத பழுதை, அது வருகிற இடத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மாடி. மாலை நான்கு மணி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் காலடிகள் படிக்கட்டில் தடதடத்து, ஒவ்வொரு கதவாக உள்ளே போய் அடங்கின. இந்த வீட்டுக் கதவு வரை எதுவும் வரவில்லை.

கதவைத் தட்டுமுன் டிரைவர் என் காதோரம் குனிந்தார். "அண்ணே, ஒரு உதவி. பிளேயர் செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க. மூணு மாசமா எங்கக்கா தினமும் இது முன்னாடியே உட்கார்ந்திருக்கு. அவதான் வந்து நிறுத்துறான்னு சொல்லுது."

"யாரு?"

"எங்க பொடிசு. அக்கா பொண்ணு. ஏழு வயசு. ஆஸ்பத்திரியில..." மீதியை விழுங்கிக்கொண்டார்.

கதவைத் திறந்த அக்காவின் கழுத்தில் தையல் டேப் தொங்கியது. ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின். திரைச்சீலை இழுத்து விடப்பட்டிருந்ததால் அறை பகலிலேயே மங்கலாக இருந்தது.

"மெக்கானிக்கையே கூட்டிட்டு வந்துட்டேன்க்கா. இவர் தொட்டும் சரியாகலைன்னா பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்."

"முதல்ல உன்னைப் போடணும்டா," என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

கேசட்டைப் போட்டேன். கையால் வரைந்த, பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். ஒரு கரடியின் தொப்பியைக் காற்று பறித்துக்கொண்டு போகிறது. கரடி துரத்துகிறது. மலை முடிந்துவிட்டது கரடிக்குத் தெரியாது; வெறும் காற்றில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த மாதிரிப் படங்களுக்கு ஒரு விதி உண்டு. கீழே பார்க்காதவரை விழமாட்டார்கள். பார்த்த பிறகுதான், அவர்களை இழுக்க வேண்டும் என்ற ஞாபகமே பூமிக்கு வரும்.

கரடி நின்றது. தலையைக் கீழே திருப்பத் தொடங்கியது.

படம் உறைந்தது.

திரையின் மூலையில் இரண்டு சிறு கோடுகள் தோன்றின.

பழுதால் அந்தக் கோடுகள் வராது. பெல்ட் அறுந்தால் படம் கோணலாகும், பிளேயர் அணையும். கோடுகள் வர ஒரே வழி, யாராவது பாஸ் பட்டனை அமுக்குவதுதான். பிளேயரை யாரும் தொடவில்லை. டிவிக்கு மேலிருந்த ரிமோட்டை எடுத்துத் திருப்பினேன்.

உள்ளே பேட்டரி இல்லை.

எங்கிருந்தோ பென்சில் சீவிய மணம் வந்தது.

"வந்துட்டா," என்றார் அக்கா, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் பாஸில் நின்றால், நாடாவைக் காப்பாற்ற பிளேயரே அதை விடுவித்துவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. இருபத்திரண்டாவது நிமிடம் கோடுகள் மறைந்து, பிளேயர் அணைந்தது. பென்சில் மணமும் அத்துடன் போய்விட்டது.

கேசட்டின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். ஓரிடத்தில் நாடா வெளுத்து, மெலிந்து, வெளிச்சத்தை உள்ளே விட்டது.

"அக்கா, பாஸ்ல நாடாதான் நிக்கும், ஹெட் நிக்காது. செகண்டுக்கு இருபத்தஞ்சு சுத்து, அதே இடத்தை உரசிக்கிட்டே இருக்கும். படம் இருக்கறதே இந்தப் பழுப்புப் பூச்சுலதான். அது உதிர்ந்துட்டு வருது. இன்னும் பத்து நாள் தாங்கும். அப்புறம் அறுந்துடும்."

"வேற கேசட்ல ஏத்தினா?"

"அதான் ரெண்டு காப்பி போட்டுப் பார்த்தோமேக்கா," என்றார் டிரைவர். "அதுல நிக்கவே இல்லையே."

அக்கா என்னைப் பார்த்தார். "இது அறுந்துட்டா அவ எதுக்குத் தம்பி இங்க வருவா?"

செத்துப்போன பிளேயர் என்ற பொய்யை நான் அங்கேயே கைவிட்டேன். ஒரு இயந்திரம் ஏன் நிற்கிறது என்று தெரிய, அதை நிறுத்துகிறவரைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டேன்.

"இருந்தப்ப இந்த இடத்துல என்ன செய்வா?"

"நிறுத்துவா. 'அம்மா, கரடி விழப்போகுது, பக்கத்துல வா'ன்னு கூப்பிடுவா. நான் மிஷின்ல இருப்பேன். இந்தக் கையை மட்டும் தச்சுட்டு வரேன்டி, இந்தக் காலரை மட்டும் வச்சுட்டு வரேன்டின்னு..."

"போனீங்களா?"

அவர் கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்த டிரைவர்தான் பேசினார். "ஆஸ்பத்திரி டிவியில ஒருநாள் இதே படம் வந்துச்சு. அங்க நிறுத்த முடியாதே, பயந்துட்டா. நான் கையால கண்ணைப் பொத்தினேன். 'விழுந்துடுச்சா மாமா?'ன்னா. விழுந்துடுச்சுன்னேன். 'எந்திரிச்சுடுச்சா?'ன்னா. எந்திரிச்ச அப்புறம்தான் கையை எடுத்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"மறுநாள் காலையிலதான்க்கா அவ..."

நான் கேசட்டை உறையில் போட்டு டிவி மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் நான்கு மணிக்கு, யாரும் கூப்பிடாமலே போனேன். அக்காவை நாற்காலியிலிருந்து இறங்கி, பிள்ளை உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்காரச் சொன்னேன்.

"அவ உட்கார்ந்தா கண் எவ்வளவு உயரத்துல வரும்?"

அவர் டேப்பை எடுக்கவே இல்லை. எத்தனை கவுன் தைத்துப் போட்ட கை. அதுவே போய்ச் சரியான இடத்தில் நின்றது.

கரடி தலையைத் திருப்பியது. படம் உறைந்தது. இரண்டு கோடுகள். பென்சில் மணம்.

அக்கா காற்றை உள்ளங்கையால் பொத்தினார்.

"அம்மா வந்துட்டேன்டி."

கோடுகள் மறைந்தன.

கரடி விழுந்தது. நெடுநேரம் விழுந்தது. கீழே எங்கோ சிறு புழுதி எழுந்தது.

"இமை அடிச்சுக்குது," என்று கிசுகிசுத்தார் அக்கா. "கையில படுது."

கதவோரம் நின்றிருந்த டிரைவரும் வந்து தரையில் உட்கார்ந்தார்.

புழுதி அடங்கியது. தோசைக்கல்லில் அமுக்கியது போலத் தட்டையான கரடி எழுந்து, உடம்பை உதறிப் பழையபடி பருமனானது. அக்கா கையை எடுத்தார். மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தக் கேசட் அந்த வீட்டில் கடைசிவரை ஓடியது.

அதற்குப் பிறகு நாடா தேயவில்லை; மாதம் ஒருமுறை போய் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அக்கா ஊரில் இல்லாத நாட்களில் டிரைவர் பொத்துகிறார். இருவருமே இல்லாத ஒருநாள் நான் பொத்தினேன். யார் கையாக இருந்தாலும் வேலை செய்கிறது. நாற்காலியில் உட்காரக் கூடாது. தரையில், பக்கத்தில் உட்கார வேண்டும். கோடுகள் வந்ததும் கையை உயர்த்த வேண்டும். கரடி எழுந்து நிற்கும்வரை எடுக்கக் கூடாது. உள்ளங்கை கொஞ்சம் ஈரமாகும். துடைத்துக்கொள்ள ஒரு துணி வைத்துக்கொண்டால் போதும்.