புருவத்தில் ஒரு பொய்

"செத்துட்டானா பாருங்க மேடம்... இல்லேன்னா இன்னொரு தடவை அடிக்கறேன்!"

இன்ஸ்பெக்டர் வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் போட்ட கூச்சல் இது.

காலை பதினொன்றரை மணி. செயற்கைக் கருத்தரிப்பு கிளினிக்கின் இரண்டாவது மாடி. தரையில் டாக்டர் குப்புறக் கிடந்தார். வெள்ளைக் கோட்டின் காலரில் ரத்தம். அடித்த மைக்ராஸ்கோப் இன்னமும் அவள் கையில்!

தோளில் ஒரு குழந்தை. பெண். நாலு வயதிருக்கும். மிரண்டு போய் விரல் சூப்பிக் கொண்டிருந்தது.

மூலையில், சுவரோடு சுவராக அவளுடைய கணவன்.

இன்ஸ்பெக்டருக்குப் பெண்கள் ஸ்டேஷனில் பன்னிரண்டு வருட சர்வீஸ். கோபம் வந்தால் குரல் தாழும். ஏட்டுக்கு அது தெரியும். குனிந்து டாக்டரின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தவர், சில விநாடிகள் கழித்து எழுந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எதையாவது போட்டு மூடுங்க ஏட்டய்யா."

ஏட்டு ஜன்னல் திரையை உருவி டாக்டரின் மேல் போர்த்தினார்.

"அதைக் கீழே வைம்மா."

"இது யார் பெத்த குழந்தைன்னு கண்டுபிடிச்சுத் தர்றேன்னு சொல்லுங்க. வைக்கறேன்."

"உங்க குழந்தை இல்லையா?"

"என் பொண்ணு செத்து அஞ்சு வருஷம் ஆச்சு மேடம்!"

கணவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக் கொண்டு முன்னால் வந்தான்.

"நான் சொல்றேன் மேடம். எங்க குழந்தைக்கு நாலு வயசுல ஒரு விபத்து..."

"விபத்தா?" அவள் சீறினாள். "போன் பேசிக்கிட்டே காரை ரிவர்ஸ்ல எடுத்தீங்க. பின்னாடி அவ நின்னா. அதுக்குப் பேரு விபத்தா?"

அவன் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக் கொண்டான்.

"அதுலேர்ந்து இவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. என்னால தாங்க முடியல. இந்த டாக்டர்தான் க்ளோனிங்னு சொன்னார். குழந்தையோட செல் கொஞ்சம் இருந்தாப் போதும், அதே குழந்தையை உருவாக்கிடலாம்னார். ஆட்டுல பண்ணிட்டாங்களே, மனுஷங்கள்ல முடியாதான்னு கேட்டார். வாடகைத் தாய் பெத்தாங்க. நாலு வருஷம் அவரே வெச்சுக் கண்காணிச்சார். இன்னைக்குத்தான் ஒப்படைச்சார்."

"ஆட்டுல பண்ணினது வாஸ்தவம்." இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்தது. "ஒரு குட்டி பொழைக்கறதுக்கு முன்னாடி எத்தனை கருவிலேயே அழிஞ்சதுன்னு சொன்னாரா? மனுஷக் குழந்தையை வெச்சு அப்படிப் பண்ணிப் பார்க்க எவனுக்குய்யா மனசு வரும்?"

"நிஜமாவே பண்ணியிருந்தாலும் இவன் மண்டையைப் பொளந்திருப்பேன்!" என்றாள் அவள். "முகம் ஒண்ணா இருந்தா அவளாயிடுமா? செத்தவளோட சட்டையைப் போட்டு, செத்தவளோட பேரைச் சொல்லி ஒரு குழந்தையை வளர்த்தா... அது எப்ப மேடம் அதுவா இருக்கும்?"

இன்ஸ்பெக்டர் நெருங்கி வந்தார். குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது புருவத்தின் நடுவே முடியில்லாத ஒரு கோடு! விரல் பட்டதும் குழந்தை வெடுக்கென்று தலையை இழுத்துக் கொண்டது. வெட்டு ஆறியிருந்தாலும் ரோஸ் நிறம் இன்னும் போகவில்லை.

கட்டை விரலால் அந்தக் கோட்டை மறைத்துப் பார்த்தார்.

திடுக்கிட்டார்!

ஆனால் காட்டிக் கொள்ளவில்லை.

"இந்தக் கோடு உங்க பொண்ணுக்கும் இருந்ததா?"

"இருந்தது மேடம். அது வந்து..."

"நீங்க சொல்லாதீங்க." இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். உங்க பொண்ணுக்கு எப்படி வந்தது?"

"பிறக்கும்போதே இருந்தது மேடம். அதனாலதானே இவளுக்கும் அப்படியே வந்திருக்கு!"



அவள் மெல்லத் திரும்பினாள்.

"பிறக்கும்போதேவா?"

"ஆ... ஆமா..."

"ஒண்ணரை வயசுல கட்டில் விளிம்புல விழுந்து புருவம் கிழிஞ்சுது. அங்கே அப்புறம் முடி முளைக்கலை. விழுந்த தழும்பு செல்லுல இருந்தா வரும்? அன்னைக்கு நீங்க வெளியூர்ல. போன்ல அழுதுக்கிட்டே சொன்னேன். நீங்க 'ம்... ம்...'னீங்க!"

கணவனின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. ஒரே விநாடிதான். சட்டென்று தரையைக் காட்டினான்.

"அப்படீன்னா இந்தப் பாவிதான் மேடம்! போட்டோவைப் பார்த்துக் கத்தியால கீறியிருக்கான்! யார் குழந்தையையோ திருடிட்டு வந்து என்னை ஏமாத்தியிருக்கான். எனக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் செத்துப் போன இந்த அயோக்கியன் வேலை!"

"யாருடா அயோக்கியன்?"

திரைக்குள்ளிருந்து குரல்!

கணவன் அலறிக் கொண்டு பின்வாங்கினான். டாக்டர் தலையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

"செத்தவங்களைக் கொண்டு வர்றதாச் சொன்னீங்களே டாக்டர்... ஒருத்தர் வந்துட்டார்!" என்றார் இன்ஸ்பெக்டர். "நாடி தடதடன்னு ஓடறப்பவே தெரியும். ஏன்யா இப்படிக் கிடந்தே?"

"அந்தம்மா கையில மைக்ராஸ்கோப் இருந்தது மேடம்..." டாக்டர் மண்டையைத் தடவிக் கொண்டார். பிறகு கணவனைப் பார்த்துக் கத்தினார். "பார்க்குல இந்தக் குழந்தையைப் பார்த்துட்டு, அச்சு அசல் என் மக மாதிரியே இருக்குன்னு போட்டோவோட வந்தது இவன். தூக்கிட்டு வந்தது இவன். ஆஸ்பத்திரி கட்டித் தர்றேன்னான். ஆறு மாசம் மாடியில வெச்சிருந்தேன். புருவத்துல பிறவிக் கோடு, அது இல்லேன்னா என் பெண்டாட்டி நம்ப மாட்டான்னு சொன்னதும் இவன்தான்!"

"கீறினது?"

டாக்டர் தலையைக் குனிந்தார்.

பளார்! இன்ஸ்பெக்டரின் கை தானாகவே போய் வந்தது.

கணவன் மனைவியின் காலடியில் விழுந்தான்.

"உனக்காகத்தான் செஞ்சேன்... நீ ஒரு தடவை சிரிச்சாப் போதும்னு..."

"எனக்காகவா? இன்னொருத்தி வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டி என் வயித்தைக் குளிர வைக்கப் பார்த்தியா?" அவள் குரல் உடைந்தது. "கார் விஷயத்தை என்னைக்காவது மன்னிச்சிருப்பேன்டா. ஆனா நீ பெத்த பொண்ணோட முகம்கூட உனக்குத் தெரியலையே!"

மைக்ராஸ்கோப் நழுவிக் கீழே விழுந்தது.

குழந்தை அவள் கன்னத்தைத் தொட்டது.

"எங்கம்மாகிட்ட போணும்."

"போலாம்டா கண்ணு. இப்பவே போலாம்." அவள் குழந்தையை இறுக்கிக் கொண்டாள். பிறகு, பிடியை அவளே தளர்த்தினாள்.

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார். ஸ்டேஷன் நோட்டீஸ் போர்டில் காணாமல் போன ஒரு குழந்தையின் போட்டோ ஆறு மாதமாக ஒட்டியிருக்கிறது. இதே முகம். அங்க அடையாளம் எதுவுமில்லை என்று கீழே எழுதியிருக்கும். அந்தக் குழந்தையின் தாய் வாரா வாரம் திங்கட்கிழமை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் எழுந்து போவாள்.

"அம்மா... நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே புறப்பட்டு வாங்க!"

 மறுமுனையிலிருந்து ஒரு கேவல் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்களைத் துடைத்துக் கொண்டார்.

ஏட்டு டாக்டருக்கும் கணவனுக்கும் விலங்கு மாட்டினார். டாக்டர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

"எத்தனை வருஷம் போடுவாங்க மேடம்?"

"இருபதுக்குக் குறையாது. ஆனா நீங்க ஏன் டாக்டர் கவலைப்படறீங்க? உங்களை மாதிரியே இன்னொருத்தரைச் செஞ்சுட்டீங்கன்னா... ஆளுக்குப் பத்து வருஷம்தானே!"