ஆள் இருக்கும் வீடு

வீட்டுப் புரோக்கர் தன் மகளைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்து வந்தபோது மத்தியானம்தான். ஆனாலும் மழை இருட்டு. படிக்கட்டில் ஈரச் சுண்ணாம்பு வாடை. மகள் நிறைமாசம், மருமகன் வெளியூர் வேலையில். அவர்கள் இருந்த வீட்டில் வெள்ளம் புகுந்துவிட்டதால், பல மாதமாகக் காலியாகக் கிடந்த இந்த மாடி வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்திருந்தார்.

"இவ்வளவு நல்ல வீடு ஏம்ப்பா சும்மா கிடந்துச்சு?"

"உனக்காகத்தான் வச்சிருந்தேன்னு நினைச்சுக்கோயேன்."

வாய் கூசாமல் பொய் சொல்வதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பேரையும் நிறத்தையும் பார்த்து யாருக்கும் வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது மற்ற புரோக்கர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இவர் அசரவில்லை. ஸ்கூட்டர் பெட்டியில் சில ஜோடிப் பழஞ்செருப்புகளை வைத்துக்கொண்டார். வேண்டாத ஆள் வீடு பார்க்க வருகிறது என்றால், முந்திப் போய் காலி வீட்டு வாசலில் அவற்றைக் கழற்றி விட்டது போலப் போட்டுவிடுவார். "இப்பதாங்க குடி வந்தாங்க, தூங்குறாங்க" என்பார். மறுக்கவே இல்லையே, சட்டம் என்ன செய்யும்?

இந்த வாசலிலும் ஒருநாள் போட்டார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஒருத்தி, அப்போதுதான் நடை பழகிய பெண் குழந்தையோடு வந்திருந்தாள். அவள் பேரைக் கேட்டதுமே கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவள் விடவில்லை. புகார் கொடுத்து அதிகாரியைக் கூட்டியே வந்துவிட்டாள். புரோக்கர் வாசலில் கிடந்த செருப்புகளைக் காட்டி, நல்லவர் வேஷத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டார்.

"உள்ள இருக்கறதும் ஒரு அம்மாவும் சின்னப் பொண்ணும்தான் சார். நான்தான் குடி வச்சேன். நாங்க பாகுபாடு பார்ப்போமா?"

அதிகாரி திருப்தியாகப் போய்விட்டார். அவள் மட்டும் மூடிய கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்க்கால் ஓரத்துக் கொட்டகை ஒன்றில் குடி போனாள். அந்த வார மழையில் சுவர் இடிந்து விழுந்தது. இருவரையும் சேறோடு சேர்த்துத்தான் அள்ளினார்கள். சேதி கேட்ட புரோக்கர் "ஐயோ பாவம்" என்றார். அதே மூச்சில் டீயில் சர்க்கரை கம்மி என்று சத்தம் போட்டார்.

மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு, மெத்தையை எடுத்துவரக் கீழே போனார். திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

வாசலில் மகளின் செருப்பு. பக்கத்தில் வேறு இரண்டு ஜோடி.

ஒன்று, அறுந்த வாரில் ஊக்கு குத்திய பெண் செருப்பு. மற்றது உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு சின்னது. இரண்டிலும் பச்சைச் சேறு.

வாய்க்கால் நாற்றம் குப்பென்று அடித்தது.

அவர் போட்ட செருப்புகள் இல்லை இவை. அவற்றை அன்றைக்கே எடுத்து ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுவிட்டார்.

மெத்தையைப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார்.

"அப்பா, மெதுவா," என்று உள்ளிருந்து மகள் கிசுகிசுத்தாள். "குழந்தை தூங்குது."

"எந்தக் குழந்தை?"

"அக்காவோட குழந்தை. நீங்கதானே அவங்களைக் குடி வச்சீங்க? அதிகாரிகிட்டகூட சொன்னீங்களாமே."

பையிலிருந்த சாவியை எடுத்துப் போட்டார். சாவி திரும்பியது, கதவு அசையவில்லை.

"அம்மாடி, வெளிய வந்துடு. அங்க யாரும் இல்லம்மா."

"எழுந்திருக்க முடியலப்பா. வலி வந்துடுச்சு. அக்கா பார்த்துக்கறேங்கறாங்க."

தோளால் இடித்தார். மரக்கதவு மலை போல நின்றது. அவர் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பாதிப் படி ஏறி வந்தார். அந்தச் சின்னச் செருப்பைப் பார்த்தார். வந்த வழியே இறங்கிப் போய் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டார்.

உள்ளே மகள் அலறினாள். புரோக்கர் வாசலிலேயே மண்டியிட்டார், சேற்றில் நெற்றி படிய.

"தாயே, என்னை என்ன வேணா பண்ணு. என் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

அலறல் நின்றது. மழைகூட நின்றது போலிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவர் காதுக்கு நேராக, வேறொரு குரல்.

"என் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன வாய், திறந்தபடியே கிடந்தது.

அப்புறம் பச்சைக் குழந்தையின் அழுகை கேட்டது. அவரும் அழுதார்.

"பொண்ணுப்பா," என்றாள் மகள். குரலில் வலியே இல்லை. "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

"கதவைத் திறடா கண்ணு. ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன்."

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ஒரு சின்னக் குழந்தை சிரித்தது.

"உங்களுக்கு இங்க இடமில்லையாம்ப்பா," என்றாள் மகள், யாரோ ஊர் பேர் தெரியாத ஆளிடம் சொல்வது போல.

கதவின் அடிப்பக்கம், நடை பழகும் குழந்தைக்குக் கை எட்டுகிற உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் விழுந்தது.

அந்த உயரத்தில் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.