எச்சில் பட்ட கார்டு

குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டின் மேலே இருந்த கார்டின் ஓரம் ஈரமாக இருந்தது. ரோஹிணி விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். எச்சில். தூங்கி எழுந்த வாயின் புளித்த வாடை.

"என் கார்டுல யாரு கை வெச்சது?"

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஸ்ரீவத்சன், விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் சீட்டுக்கட்ட நான் ஏம்மா தொடப்போறேன்?"

"எச்சில் தொட்டுத் திருப்புற ஆளு இந்த வீட்ல வேற யாரு?"

செம்பாக்கம் ஏரியைப் பார்த்த அந்த ஃபிளாட்டில் சோபாவின் நிறம் முதல் டிவி சேனல் வரை எல்லாம் அவன் இஷ்டம். அவளுக்கென்று இருந்தது அந்தக் கட்டு ஒன்றுதான். தினமும் பழகினால்தான் கார்டு நம்மோடு ஒட்டும், வேறு யார் கையும் படக்கூடாது என்று ஆன்லைன் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஏழு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. காலையில் குளித்ததும் "நான் ரோஹிணி" என்று சொல்லி ஒரு கார்டை எடுப்பாள். சாயங்காலம் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்றைய கோபத்தையெல்லாம் அதனிடம் கொட்டித் தீர்ப்பாள்.

சீட்டுக்கட்டைப் பெட்ரூம் இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி தாலிச் சங்கிலியில். மறுநாளும் ஈரம். அதற்கடுத்த நாள் இரண்டு கார்டு. டூப்ளிகேட் சாவி எங்கே என்று கத்தினாள். அவன் அம்மா மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்த அந்த வாயையே அவள் முறைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் மிளகாய்ப்பொடியைத் தேய்த்து, கட்டை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். தும்மல் வந்தது. சிரிப்பும் வந்தது. அவன் நாக்கு வெந்து வந்து நிற்கட்டும், அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்றத்தூரில் ரமா அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

மதியம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சிங்க்கில் விழும் சத்தம், மாடி வீட்டு மிக்சி, ஏரிப் பக்கமிருந்து வந்த பாசி வாடை, இத்தனைக்கும் நடுவில் பெட்ரூமிலிருந்து, காரம் தாங்காமல் யாரோ வாயால் காற்றை உறிஞ்சும் சத்தம் மெல்லக் கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

"மாட்டுனீங்களா!" சோப்புக் கையோடு ஓடினாள்.

அறையில் யாருமில்லை.

ஜன்னலுக்குக் கீழே, கேட்டருகே, ஸ்ரீவத்சன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "என்னம்மா, கடையில ஏதாவது வாங்கணுமா?"

அவள் பீரோ பக்கம் திரும்பினாள். சாவி கழுத்தில் இருந்தது. பீரோ பூட்டியிருந்தது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

பீரோவுக்குள்ளேயிருந்து.

நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம். தகரத்தில் நகம் கீறும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

அப்புறம் ஒரு குரல். அவளுடைய குரல். அவளுடைய கோபம்.

"என் கார்டுல யாரு கை வெச்சது?"

பூட்டிய பீரோவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.