குடிபூரல் குழம்பு

அழைப்பு மணி இருந்தும் பஸ்ரியன் அதைத் தொடவில்லை. கதவை உள்ளங்கையால் அறைந்தான். கனடாவில், ஸ்காபரோவின் அந்தத் தொடர்மாடியில் ஏழாம் மாடி முழுவதற்கும் அது கேட்டிருக்கும்.

உள்ளே இரண்டு பேர் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். வீட்டுக்காரி இராஜேஸ்வரி, வாகன விபத்துக்கு இன்சூரன்ஸ் கேட்பவர்களில் யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று விசாரிப்பதை வேலையாகச் செய்பவள். அந்தப் பழக்கத்தால் ஊர்ச் சிக்கல்களும் அவளைத் தேடி வந்துவிடும். மற்றவர் சண்முகநாதன். டாக்ஸி ஓட்டுகிறவர். பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்புக்குப் போய்ப் பழைய ஆங்கிலக் கதைகளைப் படிக்கிறவர். இராஜேஸ்வரி எதையாவது துப்புத் துலக்கப் போனால் கூலி கேட்காமல் வண்டியை எடுப்பவரும் அவர்தான். அப்போது அவர் மீன்குழம்பைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெந்தயம் கூடிப்போச்சு ராஜி. அடிநாக்கிலை கைக்குது."

"போடுற அளவுதான் அண்ணை போட்டனான். புதுத்தூள். இண்டைக்குத்தான் பையிலை இருந்து போத்திலுக்குள்ளை கவிட்டுக் கொட்டினனான்" என்று சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள்.

பஸ்ரியன் உள்ளே வந்தான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நான் நஞ்சு வைக்கேல்லை அக்கா. அந்தாள் என்னைக் கள்ளன் எண்டு சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பன். நஞ்சு வைச்சவன் எண்டு சொல்லுறான்!"

'அந்தாள்' என்றது நவரட்ணத்தை. மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் மிளகாய் திரிக்கும் மில் வைத்திருப்பவர். அங்கே பஸ்ரியன் மெஷின்காரன்.

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நவரட்ணம் ஸ்ரௌவ்வில்லில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். ஊரே திரண்டு வந்திருந்தது. பந்தி போட்டு, இலையில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் விழுந்தன. முதல் வாய் வைத்தவர்கள் எல்லோரும் துப்பினார்கள். ஒரு கிழவர் மேசைவிரிப்பிலேயே வாந்தி எடுத்தார். அப்படி ஒரு கைப்பு.

"ரசம்?" என்று கேட்டாள் இராஜேஸ்வரி.

"ரசமும் பாயசமும் நல்லாத்தான் இருந்ததாம். தூள் போட்ட கறி எல்லாம் கைப்பு."

"சமைச்சவை வாயிலை வைச்சுப் பாக்கேல்லையோ?"

"படைக்க முதல் எப்பிடி அக்கா வாயிலை வைக்கிறது? மணத்தை வைச்சுத்தான் உப்புப்புளி பாத்தவையாம்."

குடிபூரல் வீட்டில் சாமிக்குப் படைக்குமுன் யாரும் ருசி பார்ப்பதில்லை. மணம் இல்லாத கைப்பு அந்த வழக்கத்தின் இடுக்கால் நேரே பந்திக்கு வந்துவிட்டது.

"சம்பளம் கூட்டித் தரச்சொல்லிக் கேட்டனான். அந்தக் கோவத்திலை தூளுக்குள்ளை நஞ்சு கலந்திட்டன் எண்டு கதை கட்டியிருக்கிறார்" என்றான் பஸ்ரியன். "நாளைக்கு மில்லிலை எல்லாச் சனத்துக்கும் முன்னாலை ஒப்புக்கொண்டு போயிட வேணுமாம். இல்லாட்டிப் பொலிசாம். இஞ்சை நிரந்தரமா இருக்க விடுற என்ரை லாண்டட் பேப்பர் இன்னும் வரேல்லை அக்கா. பொலிஸ் கேஸ் ஒண்டு விழுந்தா அது அப்பிடியே நிண்டுபோம். என்ரை மனிசி செரீனாவும் பிள்ளையும் ஊரிலை, மடுவிலை அகதி முகாமிலை கிடக்கினம். நான் இஞ்சை ஆருக்கும் நஞ்சு வைக்க வந்தனானே?"

சண்முகநாதன் கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். "ராஜி, அறுநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துக் கதையளிலை மாத் திரிக்கிறவன் எண்டாலே கள்ளன். அளக்கிற பாத்திரத்துக்குள்ளை கட்டைவிரலை விட்டு அளப்பான். ஏமாந்தவன் ஒருநாள் திருப்பி அடிப்பான். தம்பி குறை நினைக்காதை, கதையின்ரை கணக்குப்படி பாத்தா நீதான்..."

"அண்ணை, இருங்கோ" என்றாள் இராஜேஸ்வரி. பிறகு பஸ்ரியனிடம், "மெஷின் எப்பிடி வேலை செய்யிறது எண்டு முதல்லை இருந்து சொல்லும்" என்றாள்.

கோபத்தில் வந்தவனுக்கு அது விசித்திரமான கேள்வி. ஆனால் தன் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. மேலே வாய். அதில் வறுத்த மிளகாயும் மல்லியும் கொட்டுவது. நடுவில் ஒன்றையொன்று உரசிச் சுழலும் இரும்புத் தட்டுகள். கீழே நீளமான துணிக்குழாய், அதன் வழியே தூள் பைக்குள் விழும். தட்டுகளிலும் துணியிலும் எப்போதும் கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்தவர் சரக்கு வரும்போது முதல் விழுகிற பிடி அதையும் அள்ளிக்கொண்டு போகும்.

"ஒவ்வொருத்தற்றை தூளிலையும் முன்னாலை திரிச்சவற்றை கொஞ்சம் கிடக்கும் அக்கா. ஊரிலை எண்டா சனம் பக்கத்திலை நிண்டு, துணியைத் தட்டி, தன்ரை தூளை ஒட்ட எடுத்துக்கொண்டு போகும். இஞ்சை எல்லாருக்கும் ஷிப்ட். பையைக் குடுத்திட்டு ஓடுவினம். ரெண்டு நாளாலை வந்து எடுப்பினம்."

"நீர் திரிச்சாப் பிறகு?"

"திரிக்கிறது மட்டுந்தான் நான். கட்டிப் பேர் ஒட்டிறது நவரட்ணம் அண்ணை. அதுக்கு ஒருத்தரையும் கிட்ட விடமாட்டார்."

"குடிபூரல் வீட்டுத் தூள் எப்ப திரிச்சனீர்?"

"குடிபூரலுக்கு முந்தின திங்கட்கிழமை, எல்லாத்துக்கும் முதல்."

"என்ரை பை?"

"உங்கடையது அதே கிழமை, புதன்கிழமை. வேரோனிக்கா அன்ரியின்ரைக்குப் பிறகு. அவ நீலப்பூப் போட்ட தலையணை உறையிலை கொண்டு வாறவ. அதாலை ஞாபகம்."

இராஜேஸ்வரி மீன்குழம்புச் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

*

அன்று பின்னேரமே சண்முகநாதனின் டாக்ஸி மில் வாசலில் நின்றது. நவரட்ணம் அவர்களைக் கண்டதும் கத்தத் தொடங்கினார்.

"அவனுக்காகக் கதைக்க வந்தனீங்களோ? புது வீட்டிலை முதல் சோறு! என்ரை மச்சான்மார் காறித் துப்பிப்போட்டுப் போகினம். இந்தக் கிழமை ஒரு பை வரேல்லை மில்லுக்கு, ஒரு பை!"

"பொலிசுக்கு அண்டைக்கே போன் அடிச்சிருக்கலாமே அண்ணை?" என்று அமைதியாகக் கேட்டாள் இராஜேஸ்வரி.

"எங்கட பெடியன் எண்டு பாத்தன்."

"மிச்சத் தூள் இருந்தா ஒருக்காப் பாக்கலாமோ?"

"கொட்டிப்போட்டன். நஞ்சை வீட்டிலை வைச்சிருப்பினமோ?"

"அது உங்கட வீட்டுத் தூள்தானே?"

"என்ரை மனிசி தன்ரை கையாலை வறுத்தது. திங்கட்கிழமை இவன்தான் திரிச்சவன்."

"தூள் கைக்குது எண்டு வேற ஆரும் வந்து சொன்னவையோ?"

நவரட்ணம் கையை வீசினார். "ஆரும் சொல்லேல்லை. சும்மா குறை சொல்லுற சனமும் இருக்குத்தான். உந்த வேரோனிக்கா மனிசி கோடையிலை வந்து, 'இது என்ரை தூள் இல்லை, என்ரை தூள் இல்லை' எண்டு ஒரே கத்தல். 'அன்ரி, தூள் நல்லாத்தான் கிடக்கு, உங்கட நாக்குத்தான் பழுதாப் போச்சு' எண்டு சொல்லி அனுப்பினனான். நிண்ட சனம் எல்லாம் சிரிச்சது." அதை நினைத்து இப்போதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

வண்டியில் ஏறியதும் சண்முகநாதன் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி கிளப்பாமல் இருந்தார். "ராஜி, நான் பிழையாக் கணக்குப் போட்டிட்டன் போலை."

"உங்கட கதையளிலை பழி வாங்கிறவன் எப்பிடி வாங்கிறவன் அண்ணை? வாளை எடுத்துக்கொண்டு போறவனோ?"

"சேச்சே. கள்ளன்ரை ஆசையைத்தான் கயிறாத் திரிப்பான். கள்ளன் களவெடுக்காட்டி அவனுக்கு ஒண்டுமே நடவாது. அதுதான் அந்தக் கதையளின்ரை ருசி..." அவர் பாதியில் நிறுத்தினார். "அட!"

"நாளைக்குப் பூசை முடிய வேரோனிக்கா அன்ரியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தலையணை உறையோடை" என்றாள் இராஜேஸ்வரி.

*

ஞாயிற்றுக்கிழமை மில் நிறைந்திருந்தது. தூள் திரிக்க வந்தவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். பஸ்ரியன் மெஷினுக்கு முதுகைக் கொடுத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். கறுப்புக் குளிர்ச்சட்டை போட்ட மெலிந்த பெண் ஒருத்தி, நீலப்பூ உறையை மார்போடு அணைத்தபடி சண்முகநாதனுக்குப் பின்னால் வந்து நின்றாள். வேரோனிக்கா.

"ஒப்புக்கொள்ளப் போறியோ, பொலிசைக் கூப்பிடவோ?" என்றார் நவரட்ணம்.

"கூப்பிட முதல் ஒரு சின்ன உதவி அண்ணை" என்று இராஜேஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு போத்திலை எடுத்தாள். "இதிலை ஒரு துளி நாக்கிலை வைச்சுப் பாருங்கோ. குடிபூரல் வீட்டிலை வந்த கைப்பு இதுதானோ எண்டு சொல்லுங்கோ."

நவரட்ணம் விரல் நுனியில் தொட்டு வைத்தார். முகம் கோணியது. "இதுதான்! இதே கைப்புத்தான்! குறைவாக் கிடக்கு, ஆனா இதுதான். எங்கை எடுத்தனீர்? இவன்ரை அறையிலையோ?"

"என்ரை குசினியிலை. இது என்ரை தூள்."

சனத்தில் ஒரு சலசலப்பு.

"பஸ்ரியன் உங்கட வீட்டுத் தூளைத் திங்கட்கிழமை திரிச்சவர். அப்ப மெஷினுக்குள்ளை கைப்பைக் கலந்திருந்தா, அடுத்ததாத் திரிச்ச ஆளின்ரை தூள் கைச்சிருக்க வேணும். ஒருத்தரும் குறை சொல்லேல்லை எண்டு நேற்று நீங்களே சொன்னனீங்கள். சரி, திரிச்சாப் பிறகு கலந்திருந்தா? மெஷினிலை கைப்பே ஒட்டியிருக்காது. ஆனா புதன்கிழமை திரிச்ச என்ரை தூள் கைக்குது. அதுவும் முதல் விழுந்த பிடி மட்டும். அது பையின்ரை அடியிலை கிடந்தது. நான் போத்திலுக்குள்ளை கவிட்டுக் கொட்ட மேலை வந்திட்டுது. போத்திலின்ரை அடியிலை உள்ளது நல்ல தூள். அப்ப கைப்பு மெஷினுக்குள்ளை போனது புதன்கிழமை, எனக்குச் சரியா முன்னாலை. முன்னாலை திரிச்சது ஆற்றை பை, பஸ்ரியன்?"

"நீலப்பூ உறை" என்றான் பஸ்ரியன். அப்போதுதான் அவனுக்கும் விளங்கியது. மெல்லத் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"அன்ரி, உங்களுக்குத் திருப்பிக் குடுத்த தூள் கைச்சதோ?"

"இல்லை" என்றாள் வேரோனிக்கா.

"ஏன் கைக்கேல்லை?"

"அது என்ரை தூள் இல்லை."

"அதுதான் விசயம்" என்றாள் இராஜேஸ்வரி. அவள் குரல் உயரவில்லை. ஆனால் போத்திலை மேசையில் வைத்த சத்தத்தில் பக்கத்தில் நின்ற இருவர் விலகினார்கள். "கைச்சிருக்க வேண்டிய பையை வீட்டை கொண்டு போனவவுக்குக் கைக்கேல்லை. அந்தக் கைப்பு ஸ்ரௌவ்வில்லிலை உங்கட பந்தியிலை இருந்தது. தூள் தானா நடந்து போகுமே? அன்ரி வறுக்கிற தூளுக்கு நிகர் இல்லை எண்டு ஊருக்கே தெரியும். குடிபூரலுக்கு அதை வைச்சுக்கொண்டு, உங்கட திங்கட்கிழமைத் தூளை இந்த உறைக்குள்ளை போட்டுக் கட்டினியள். கட்டிறதும் பேர் ஒட்டிறதும் நீங்கள்தானே? நஞ்சு எண்டு நம்பின மனிசன் அண்டைக்கே பொலிசுக்கு அடிச்சிருப்பார். நீங்கள் தூளைக் கொட்டினியள். அதைச் சோதிச்சா ஆற்றை எண்டு தெரிஞ்சிடும்."

நவரட்ணம் கையை நீட்டிச் சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டார். மெஷின் உறுமத் தொடங்கியது. அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. யாரும் எதையும் கேட்கக்கூடாது என்பதுதான் அவருக்கும் தேவையாக இருந்தது.

வேரோனிக்கா அந்த இரைச்சலுக்கு மேலாகவே கத்தினாள்.

"என்ரை மகன்ரை ஆண்டுப் பூசைச் சாப்பாடு! ஷெல்லடிச்சுச் செத்த பிள்ளை. அவனுக்குப் பிடிச்ச குழம்பு எண்டு வறுத்துக் குடுத்தன். நீ குடுத்த குப்பையிலை சமைச்சு, வந்த சனம் இலையை மூடிப்போட்டு எழும்பிச்சுது. கேக்க வந்த என்னை நாக்குப் பழுது எண்டு சிரிச்சாய். அதுதான் மல்லியோடை நிலவேம்பை வறுத்துப் போட்டன். 'ஊர் மிளகாய், கவனம்' எண்டு ரெண்டு தரம் சொல்லிக் குடுத்தன். நீ எடுக்காட்டி அது என்ரை வீட்டுக் குப்பைக்குத்தான் போயிருக்கும்!" அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "இப்ப சொல்லு, என்ன ருசி? கைச்சதோ? அப்ப உன்ரை நாக்குப் பழுதில்லை!"

சனம் வெடித்துச் சிரித்தது. சண்முகநாதனும் சிரித்துவிட்டார். இத்தனை நாள் படித்த கதைகளில் ஒன்று கண்முன்னால் முடிகிறதென்ற மகிழ்ச்சி அவருக்கு.

"சிரிக்காதேங்கோ!"

பஸ்ரியனின் குரல் மெஷினையும் தாண்டி வந்தது.

"உங்களுக்குப் பகிடி. அன்ரி, ஒரு கிழமையா ஊர் முழுக்க நஞ்சு வைச்சவன் எண்டு என்னைச் சொல்லிச்சுது. உங்களுக்குக் காது கேக்கேல்லையோ? இந்தாளைப் பிடிக்க என்னை ஏன் தூண்டிலிலை குத்தினியள்?"

வேரோனிக்காவின் முகத்திலிருந்த வெற்றி அப்படியே வடிந்தது. "இவன் படுற பாட்டை இன்னும் கொஞ்சம் பாக்க வேணும் எண்டு இருந்திட்டன் தம்பி. உன்னை நான் நினைக்கேல்லை."

"ஒருத்தரும் நினைக்கேல்லை."

சண்முகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "உங்கட கதையளிலை கடைசியிலை எல்லாரும் சிரிப்பினம் அண்ணை" என்றாள் இராஜேஸ்வரி அவர் காதருகே. "நடுவிலை நிண்ட வேலைக்காரன் என்ன ஆனான் எண்டு ஆரும் எழுதுறேல்லை."

வேரோனிக்கா முன்னால் போய் நவரட்ணத்தின் நெஞ்சுக்கு நேரே நின்றாள். "பொலிசுக்கு அடி. செய்தது நான் எண்டு என்ரை பேரைக் குடு. நீ என்ன செய்தனி எண்டு நானும் சொல்லுறன்."

நவரட்ணம் சனத்தைப் பார்த்தார். வாசலுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் பையைப் பிரித்து, தூளைக் கிள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியும் பிரித்தாள். அவர் குனிந்து மெஷினின் பக்கமாகத் திரும்பி, 'பிழைதான்' என்பதுபோல் ஏதோ முணுமுணுத்தார்.

பஸ்ரியன் நடந்து போய்ச் சுவிட்சை நிறுத்தினான். தட்டுகள் சுழன்று, தேய்ந்து, நின்றன. துணிக்குழாய் மெல்லச் சுருங்கித் தொங்கியது.

"கேக்கேல்லை அண்ணை" என்றான் பஸ்ரியன். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."