மெஷின் திரும்பிய பக்கம்

மெஷின் திருமூர்த்தியைப் பார்க்கவில்லை. பழைய மில் கொட்டகையின் கடைசித் தூணருகே, உச்சியில் பிரிசக் கண்ணாடி பொருத்திய கம்பைப் பிடித்தபடி அவர் நின்றார். அந்தக் கண்ணாடி எங்கே நகர்ந்தாலும் தானாகத் திரும்பி, அதைப் பின்தொடர்ந்து, தூரத்தை அளந்து திரையில் காட்டுவதுதான் அந்த சர்வே மெஷினின் வேலை. ஆனால் லென்ஸ் அவருக்கு நாலடி இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மெஷினுக்குப் பின்னால் நின்ற சமீரா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காலையிலிருந்து சிங்காநல்லூர் வெயிலிலும், இத்தனை வருஷமாகியும் அடங்காத பஞ்சுத் தூசியிலும், துருவும் வௌவால் எச்சமும் கலந்த நாற்றத்திலும் நின்று இடுப்பு விட்டுப்போயிருந்தது. இடிக்கப்போகிற கட்டடத்தை எதற்கு இத்தனை துல்லியமாக அளக்க வேண்டும்? பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும்.

"அண்ணா, பக்கத்துல ஏதாச்சும் மினுக்குதா பாருங்க. தகரம், கண்ணாடித் துண்டு மாதிரி. அதைப் பார்த்து ஏமாந்துக்கும் இது."

"ஒண்ணையுங் காணமுங்க மேடம்."

மெஷினுக்குள் மோட்டார் கொசு ரீங்காரம் போல முனகியது. லென்ஸ் இடப்பக்கமாக, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்து, நின்று, மெல்ல நிமிர்ந்து கூரை உத்தரத்தில் நிலைத்தது. அங்கேயே இப்படியும் அப்படியுமாகக் கொஞ்சம் அசைந்தது. எதையோ பிடித்துவிட்டதற்கு அடையாளமாகத் திரையில் பச்சை வட்டம் எரிந்தது.

திருமூர்த்தி அண்ணாந்து பார்த்தார்.

"அந்தக் காலத்துல வேலைக்கு வந்த பொம்பளைங்க அங்கதானுங்க தூளி கட்டுவாங்க" என்றார். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டார். "போதுமுங்க. போலாமுங்க."

பெட்டியில் வைக்குமுன், பிடித்ததை விடச் சொல்லி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி உயிர் வந்ததும், கடைசியாகப் பிடித்ததையே மெஷின் தேடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித் தருகிற பாடம் அது. அன்றைக்கு அலுப்பில் பேட்டரியை அப்படியே பிடுங்கிவிட்டாள்.

கரும்புக்கடைப் பகுதியில் இருந்த சமீராவின் மாடி வீட்டில் மகள் அஃப்ரா அழுதுகொண்டிருந்தாள். மூன்று வயது. கணவன் ஆரிஃப் ஷிப்டுக்குக் கிளம்பி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தான்.

"காச்சல் விடவே இல்ல சமீ. மருந்து குடுத்துப்போட்டேன். கீழ விட்டா அழுகறா." குழந்தையைக் கைமாற்றினான். "நான் வாரேன்."

தைல வாசனையும் புளித்த பால் வாசனையுமாகக் கொதிக்கும் உடம்பு. ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டே சோறு வடித்து, துணி மடித்ததில் சமீராவுக்கு அழுகை வந்தது. அலுவலகத்துக்கு இன்றைய அளவுகளை வேறு அனுப்பியாக வேண்டும். யாராவது வந்து இவளைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். யாராக இருந்தாலும் சரி.

அஃப்ராவைப் பாயில் விட்டு, அளவுகளை எடுப்பதற்காக முக்காலி ஸ்டாண்டில் மெஷினை ஏற்றிப் பேட்டரியைப் போட்டாள்.

லென்ஸ் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சாத்திய வாசற்கதவைப் பார்த்து நின்றது. பச்சை வட்டம் எரிந்தது.

பிரிசக் கண்ணாடி திருமூர்த்தி வீட்டில் இருந்தது. பிறகு எதைப் பிடித்தது? பீரோக் கண்ணாடியாக இருக்கும் என்று போர்வையை எடுத்து அதன்மேல் போட்டாள். மோட்டார் முனகியது. லென்ஸ் கதவை விட்டு, பிரிட்ஜைத் தாண்டி, போர்வையைத் தாண்டி வந்தது. நடக்கிற வேகம். திரையில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. பஞ்சுத் தூசி மணத்தது. பொத்தானை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். வட்டம் அணையவில்லை.

பாய்ப்பக்கம் வந்து நின்றது.

அஃப்ரா அழுகையை நிறுத்தினாள்.

சமீரா பாய்ந்து குழந்தையை அள்ளினாள். சமையலறைக்கு ஓடினாள். லென்ஸ் வந்தது. திரும்பி ஓடினாள். லென்ஸும் திரும்பியது. யாரைப் பார்க்கிறது? குழந்தையைப் பாயில் இறக்கிவிட்டு, ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி.

லென்ஸ் அவளோடு வந்தது.

என்னைத்தான். அங்கே மெஷின் பிடித்தது எதுவோ, மில்லிலிருந்து என் பின்னாலேயே வந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அதுவும் கூடவே வரும். தனியாகப் போனால் என்னோடு போகும்.

"அம்மா இதோ வந்துடறேன் கண்ணு" என்றாள். வெளியே வந்து கதவை இழுத்துத் தாழ் போட்டாள்.

ஜன்னல் கம்பி வழியே பார்த்தாள். லென்ஸ் ஜன்னலைப் பார்த்து நின்றது. அவளை நேருக்கு நேராக. வாழ்நாளில் எதைக் கண்டும் அவள் அத்தனை நிம்மதி அடைந்ததில்லை. கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள்.

மோட்டார் முனகியது.

லென்ஸ் ஜன்னலை விட்டுத் திரும்பியது. மெதுவாக. பிரிட்ஜ். போர்வை. பாய்.

"வேண்டாம்" என்றாள். "என்னோட வா. இங்க வா."

தாழ்ப்பாளைத் தேடினாள். விரல் வழுக்கியது.

அஃப்ரா பாயில் எழுந்து நின்றாள். எதிரே யாருமில்லை. இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள், தூக்கச் சொல்கிறபோது நீட்டுவாளே அப்படி.

லென்ஸ் நிமிர்ந்தது.

குழந்தையின் குதிகால் தரையை விட்டது. பிறகு விரல் நுனி.

தாழ்ப்பாள் நகரவில்லை.

லென்ஸ் ஃபேனுக்குச் சற்றுக் கீழே போய் நிலைத்தது. அங்கே அஃப்ரா உடம்பைச் சுருட்டி, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, அழாமல் கண் சொக்கிக் கிடந்தாள். அவளுக்குக் கீழே வெறும் காற்று. லென்ஸ் இடப்பக்கம் கொஞ்சம் போனது, வலப்பக்கம் வந்தது. மறுபடி இடப்பக்கம் போனது. குழந்தையும் அதே நிதானத்தில் போய்ப் போய் வந்தாள்.